“பார்த்துப் போ” மட்டும் போதுமா? மோட்டார் ஓட்டிகளின் உயிரை உண்மையில் காப்பது எது?

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையில் சாப்பாட்டு ஆர்டரை எடுத்துக்கிட்டு பங்சாருக்கு விரைகிற ரைடரா நீங்க? இல்லை, தினமும் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு மோட்டாரில் வேலைக்கு வருகிறவரா? யாராக இருந்தாலும், வீட்டை விட்டுக் கிளம்பும்போது காதில் விழுவது ஒன்றுதான்: “பார்த்துப் போ.” பெருநாள் காலப் பிரச்சாரங்களும் கொஞ்சம் நீட்டி இதையேதான் சொல்கின்றன.

சொல்வதில் தப்பில்லை. ஆனால் நம் நாட்டில் விபத்தைக் குறைத்ததாக ஆய்வாளர்கள் அளந்து காட்டிய நடவடிக்கைகளைப் பார்த்தால், அவை அறிவுரை வகையில் சேராது.

முதலில் நிலவரம். 2019-இல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020-இல் அது 4,634 ஆக இறங்கியது. 2022-இல் மறுபடியும் 6,000-ஐத் தாண்டிவிட்டது. இறந்தவர்களில் 10 பேருக்கு 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றவர்களும்தான். அதனால நம்ம ஊர்ல சாலைப் பாதுகாப்புன்னா முதல்ல மோட்டார் பாதுகாப்புதான்.

கூட்டரசு நெடுஞ்சாலை சொல்லும் கதை

பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் போகிற கூட்டரசு நெடுஞ்சாலையில், ஓரமாகத் தனியே ஒரு மோட்டார் பாதை ஓடும். தினமும் பார்ப்பதால் நமக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. 1970-களில் தொடங்கிய இந்தப் பாதையை, உலகிலேயே மோட்டாருக்கென்று தனியாக அமைக்கப்பட்ட முதல் பாதை என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். 1990-களில் அது மேலும் நீட்டிக்கப்பட்டது.

நீட்டிப்புக்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகளைப் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் ராடின் உமார் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. 2000-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்திருந்தன. ஓட்டியவர்கள் திடீரென்று பொறுமைசாலிகளாக மாறிவிடவில்லை. லாரியும் மோட்டாரும் ஒரே தடத்தில் சந்திக்கும் வாய்ப்பு குறைந்தது, அவ்வளவுதான்.

ஆனா அந்தப் பாதையில தினமும் போறவங்களுக்கு அதன் குறையும் தெரியும். சில இடங்களில் பாதை குறுகல், சுரங்க வளைவுகளில் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. மழை வந்தால் மேம்பாலத்துக்குக் கீழே பாதி வழியை அடைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும். பின்னால் வேகமாக வருபவருக்கு அந்தக் கூட்டம் கடைசி வினாடியில்தான் கண்ணில் படும். மழைக்கு ஒதுங்குவதற்கென்று கட்டிய கூடாரம் பக்கத்தில் இருந்தால், ஒரு நிமிஷம் கூடுதலா நனைஞ்சாலும் பரவாயில்லை, அங்கே போய் நில்லுங்க.

அந்தத் தனிப் பாதையும் பிரிக்பீல்ட்ஸ் மாதிரியான நகர வீதிகளுக்குள் வராது. இங்கே பேருந்து, கார், மோட்டார், நடந்து போகிறவர் எல்லாருக்கும் ஒரே சாலைதான். சந்திப்பில் திரும்புகிற கார்க்காரர் “நான் பார்க்கவே இல்லை” என்று சொல்லும் விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. அதற்கான பதிலையும் மலேசியா 1992-லேயே முயன்று பார்த்தது: பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி. மோட்டார் கண்ணில் படாததால் ஏற்பட்ட விபத்துகள் இதனால் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக அதே ராடின் உமாரின் ஆய்வு கணக்கிட்டது. ஒரு பல்பு செய்த வேலை! ஸ்டைலுக்காக அதை அணைத்துவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது?

ஹெல்மெட்டில் முக்கியம் வார்

ஹெல்மெட் 1973 முதல் இங்கே கட்டாயம். வெளியே தெரியும் கெட்டி ஓட்டைவிட உள்ளே இருக்கும் நுரைப் பகுதிக்குத்தான் வேலை அதிகம். அடிபடும்போது அது நசுங்குகிறது. தலை நிற்க எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நீள்கிறது. அந்தச் சிறு இடைவெளிதான் மூளையைக் காக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் மதிப்பாய்வின்படி, ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது.

வாரை மாட்டவில்லை என்றால் இந்தக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. முதல் மோதலிலேயே ஹெல்மெட் கழன்று ஓடிவிடும். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்க. நசுங்கிய நுரை திரும்ப எழும்பாது.

அவசரம் யாருடையது?

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஆப்பை 2 வினாடி பார்த்தால், சாலையைப் பார்க்காமல் சுமார் 33 மீட்டர் ஓடிவிடுவீர்கள். இது ரைடருக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆர்டருக்கும் காசு என்று வேலை இருக்கும்போது, மழையில் நிதானமாகப் போவது வருமானத்தில் இடிக்கும். ரைடரை மட்டும் கண்டித்துவிட்டு நகர்வது நியாயமாகப் படவில்லை. கிக் தொழிலாளர் மசோதாவை மக்களவை 2025 ஆகஸ்டு மாதம் நிறைவேற்றியதற்குப் பின்னால் இந்தக் கேள்வியும் இருக்கிறது.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்குச் சொக்சோ, அதாவது பெர்கேசோ, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தையும் ஏற்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போய்வருவதும் இதில் சேரும். நடுவில் சொந்த வேலைக்காக வேறு வழியில் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். டாக்டர் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தால், கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காட்டைத் தற்காலிக இயலாமைத் தொகையாகக் கோரலாம். உணவு, பொருள் விநியோகம் செய்கிறவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் பெயரில் சந்தா நடப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்க. விழுந்த பிறகு போய்ப் பார்த்துப் பயனில்லை.

யாராவது கண்ணெதிரே விழுந்தால்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்து, 999-ஐ அழையுங்க. கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பது நம்ம ஆட்களின் முதல் வேலை. தண்ணீர் கொடுப்பது இரண்டாவது. இரண்டும் வேண்டாம். கழுத்தெலும்பிலோ முதுகெலும்பிலோ அடி பட்டிருந்தால், அந்த ஒரு அசைவிலேயே கை கால் செயலிழக்கலாம். அவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டையும் கழற்றாதீங்க. தலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுங்க. மூச்சே இல்லை என்றால் மட்டும், 999-இல் பேசுபவர் சொல்கிறபடி செய்யுங்க.

விழுந்தது நீங்களாக இருந்து, எழுந்து நடக்க முடிந்தாலும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுக்க வேண்டும். மருத்துவ விடுப்புச் சீட்டு, புகாரின் நகல், அன்றைய ஆர்டர் திரையின் படம் மூன்றையும் பத்திரமாக வையுங்க. சொக்சோவில் கோரிக்கை கொடுக்கும்போது எந்த வேலைக்காக, எந்த வழியில் போனீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.