பாடும் அடைவும்

பழவேற்காட்டு ஏரி, தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் இடையே பரந்து கிடக்கும் உவர்நீர்க் காயலாகும். அதன் தென்பகுதியில் உள்ள கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. அதனைப் 'பாடு' என்பர். இச்சொல் 'படு' என்னும் அடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். வலையில் மீன் படுதலை 'மீன்பாடு' என்று வழங்குதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பாட்டிற்கு அடிப்படையாவது பெயர்ப்பட்டியலே. 'தலைக்கட்டு' என எண்ணப்பெறும் உறுப்பினர்க்கே உரிமை உண்டு. எவர் எவ்விடத்தில் எம்முறையில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். வளமான இடம் ஒருவர்க்கே என்றும் உரியதாகாமல் சுழன்று வரும். ஆகவே, பட்டியலில் பெயர் இன்மை என்பது ஏரியில் இடம் இன்மையே.

இனி, 'அடைவு' என்னும் சொல்லைக் காண்போம். அடைவு என்பது முறை, ஒழுங்கு எனப் பொருள்படும். சொல்லடைவு என்பது நாம் நன்கு அறிந்த ஆட்சி. கணிப்பொறித் துறையிலும் இச்சொல் வழங்குகின்றது. ஓர் ஊரார் தமக்குள் அமைத்துக்கொள்ளும் பொது இணைய வலையத்திற்கு இருவகை அடைவுகள் வேண்டும். ஒன்று, கணக்கடைவு, உறுப்பினர் யாவர், அவர்தம் அடையாளம் யாது என்பதைக் கூறுவது. மற்றொன்று, பக்க அடைவு; ஒவ்வொருவருடைய இணையப் பக்கங்களும் பொதுக் கணிப்பொறியில் எவ்விடத்தில் உள்ளன என்பதைக் காட்டுவது. முன்னது தலைக்கட்டுப் பட்டியலையும், பின்னது பாட்டிடத்தையும் ஒக்கும்.

இவ்விடங்களைக் காப்பது எங்ஙனம்? யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஒவ்வோர் அடைவிற்கும் உரியவர், குழுவினர், பிறர் என மூவகையினர்க்கும் தனித்தனி உரிமை வகுக்கப்படும். பக்கத்தைப் பிறர் படிக்கலாம், உரியவரே திருத்தலாம். ஒருவரே இடம் முழுவதையும் நிரப்பிவிடாதபடி அளவு வரையறுத்தலும் உண்டு. இது பாட்டின் சுழற்சி போன்றதன்று. எனினும், பொதுப்பொருளை ஒருவர் கவர்ந்துகொள்ளாது காக்கும் நோக்கம் இரண்டற்கும் ஒன்றே.

பட்டியலை யார் வைத்திருப்பது என்பது அடுத்த வினா. தொடக்கத்தில் இணையக் கணிப்பொறிகளின் பெயர்கள் அனைத்தும் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் பேணிய ஒரே கோப்பில் இருந்தன. பெயர்கள் பெருகவே அம்முறை தளர்ந்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிசு வகுத்த பெயர்முறை, ஒவ்வொரு பகுதியின் பட்டியலையும் அப்பகுதியாரே பேணுமாறு செய்தது. பல குப்பங்கள் ஒரு வலையத்தில் இணையுமாயின், ஊர்தோறும் அடைவைப் பிரித்தளிக்கும் இம்முறையே பொருந்துவதாகும்.

ஆயினும், பழைய பட்டியலை அவ்வாறே புதிய அடைவாக்குதல் பெரும்பிழையாகும். தலைக்கட்டு ஆடவரையே எண்ணுவது. மீனை விலைப்படுத்தும் பெண்டிர் அதில் இடம்பெறார். பாட்டில் சேராத பிற சமூகத்தாரும் இடம்பெறார். அதன்வழிக் கணக்குகள் வகுப்பின், ஏரியில் உள்ள விலக்கம் வலையத்திலும் நிலைபெறும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் இவ்வகையில் நல்ல சான்றாகும். வில்லியனூரை நடுவமாகக் கொண்ட அத்திட்டத்தின் வழியாக வீராம்பட்டின மீனவர்க்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. நிலையங்கள் சாதி வேறுபாடின்றி யாவரும் புகத்தக்க இடத்தில் அமைதல் வேண்டும் என்பது விதி. அவற்றை நடத்தியோருள் பெண்கள் பலர்.

எனவே, பாட்டினின்று கொள்ளத்தக்கது அதன் முறைமையே. அதன் பெயர் வரிசை அன்று. முறை பழையதாகலாம், பட்டியல் புதிதாக எழுதப்படல் வேண்டும்.