மேல்தளமும் நல்ல கேள்வியும்

இசையைக் கேட்பதற்குச் செவி ஒன்றே போதும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. பாடகரின் குரலோடு, அக்குரலை வாங்கித் திருப்பித் தரும் அறையையும் சேர்த்தே நாம் கேட்கிறோம். வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அக்கேள்விக்கு மேல்தளம் செய்யும் உதவியும் ஊறும் யாவை என்பதை இங்கே காண்போம்.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரைக் கூடம் ஒன்று பயன்படாமற் போயிற்று. அங்கே சொன்ன ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை நொடி மறையாது ஒலித்தது. முன் சொல்லின் மீது பின் சொல் விழுந்து பேச்சு குழம்பிற்று. வாலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவு பெருகினால் ஒலி நீடிக்கும். ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகினால் நீடிப்பு குறையும் என்ற விதி இவ்வாறு பிறந்தது. 1871இல் திறந்த லண்டன் ஆல்பர்ட் மண்டபமோ, தன் குவிமாடத்தின் எதிரொலியால் பல்லாண்டு பழி சுமந்தது. 1969இல் கண்ணாடியிழைத் தட்டுகளை மேலே தொங்கவிட்ட பின்னரே அக்குறை பெரிதும் தணிந்தது.

பம்பாய்த் தமிழர் இதனை அயலார் கதையாகக் கொள்ள வேண்டுவதில்லை. 1952இல் தோன்றிய ஸ்ரீ ஷண்முகானந்த சபை, மாதுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிளில் 1963இல் பேரரங்கைத் திறந்தது. 1990இல் அது தீக்கிரையாயிற்று. 1998இல் மீண்டும் எழுந்தது. மிருதங்கத்தின் சொற்கட்டும் வீணையின் கமகமும் கடைசி வரிசை வரை சிதையாமற் செல்ல வேண்டுமென்றால், இத்தகைய அரங்கில் கூரையும் வாத்தியத்திற்கு நிகரானதே.

இனி, நம் இல்லத்துச் சிறு அறைக்கு வருவோம். செம்பூரில் பத்தடி உயரமுள்ள ஓர் அறை. மூன்றடி உயரத்தில் ஒலிபெருக்கி. எட்டடி தள்ளி நாற்காலியில் நீங்கள். நேராக வரும் ஒலி எட்டடி கடக்கிறது; மேல்தளத்தில் மோதி வரும் ஒலியோ ஏறத்தாழ பதினாறடி கடக்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி. ஆகவே இரண்டாவது ஒலி, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏறத்தாழ ஏழு பங்கு தாமதித்து வரும். இத்துணைச் சிறு தாமதத்தைச் செவி எதிரொலியாகப் பிரித்தறியாது. ஆயினும் குரலின் நிறம் மாறும், தெளிவு மங்கும்.

பரிகாரம் எளிது. நீங்கள் அமர்ந்திருக்க, ஒருவர் ஏணியேறி மேல்தளத்தோடு ஒரு கண்ணாடியை ஒட்டி நகர்த்தட்டும். ஒலிபெருக்கி எவ்விடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ, அவ்விடமே பலகை பொருத்த வேண்டிய இடம். மேல்தளம் முழுவதையும் மூடலாகாது; மூடினால் நுண்ணொலிகள் மட்டும் மடிந்து இசை சவமாகும்.

பலகைக்கு உரியது யாது? ராக்வுல் எனக் கடைகளில் விற்கும் பாறைப் பஞ்சுப் பலகை, இரண்டு அங்குலக் கனத்தில், மூச்சு ஊடுருவும் நெய்வுள்ள துணியால் போர்த்தப்பட்டது. மேல்தளத்தினின்று இரண்டு முதல் நான்கு அங்குலம் தாழ்த்தித் தொங்கவிட்டால், தாழ்ந்த சுருதிகளையும் ஓரளவு உறிஞ்சும். அறுக்கும்போது மூக்கையும் கைகளையும் மூடிக்கொள்க. தெர்மோகோலும் முட்டைத் தட்டும் ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். தீயையோ விரைந்து பற்றும். பேரரங்கு ஒன்று எரிந்ததைக் கண்ட ஊரில், "இது எரியுமா?" என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும்.

மழைக்காலத்து ஈரத்தில் பழைய சாந்து உதிரும். பசையை நம்பாமல், காங்கிரீட்டில் பதித்த கொக்கிகளில் மாட்டுக. மின்விசிறியின் இறக்கைக்குப் போதிய இடம் விடுக. தாராவியின் தகரக் கூரைக்கு முறை வேறு: மழையின் பேரொலி தகட்டின் அதிர்விலிருந்து பிறப்பதால், தகட்டோடு இறுக ஒட்டிய கனமான படலமே அதனைத் தணிக்கும்.

இறுதியாக ஒன்று. இப்பலகை அறைக்குள் ஒலியைச் செம்மைப்படுத்துமேயன்றி, மாடிவீட்டாருக்குச் செல்லும் ஒலியைத் தடுக்காது. அதற்குக் கனத்த தளமும் இடைவெளியற்ற அடைப்பும் வேண்டும். எனினும், அறை தெளிவுற்றால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை குறையும். கச்சேரியைத் தாழ்ந்த ஒலியிலேயே துலக்கமாகக் கேட்கலாம். சுவரடுத்த குடும்பமும் நிம்மதியாக உறங்கும்.