மாதிரி விமானமும் அடைத்த அறையும்

ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்று நலமாக இருந்த மணப்பாறை அன்பர் ஒருவர், சென்ற கோடையில் இளைப்பு மிகுந்து மீண்டும் எங்களிடம் வந்தார். புகைப்பழக்கம் இல்லை, மருந்தையும் தவறவிட்டதில்லை. நெடுநேரம் விசாரித்த பின்னரே, மாலை வேளைகளில் பேரனுடன் பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் செய்வதைச் சொன்னார். வெயிலுக்கு அஞ்சி, சன்னல்களை அடைத்த ஏ.சி. அறையில் அவ்வேலை நடந்திருக்கிறது. பெயர் குறிப்பிடாமல் எழுத அவர் இசைந்தார்.

இதை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் நுண்ணிய உறுப்புகள் பிணைந்திருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். 72-இல் ஒரு பங்கு என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. ஏறத்தாழ 72 மீட்டர் உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அவ்வளவில் செய்தால் ஒரு மீட்டர்தான் வரும். 1965 போரில் நம் விமானப்படை பயன்படுத்திய ‘நாட்’ விமானத்தின் நீளம் சுமார் 9 மீட்டர். மாதிரியிலோ ஒரு சாண்கூட இராது.

இப்பொழுதுபோக்கை நாங்கள் தடுப்பதில்லை. சிறு துண்டை விரல்நுனியால் பற்றித் திருப்பிப் பொருத்துவது, பக்கவாதத்திற்குப் பின் விரல்களுக்குத் தரப்படும் பயிற்சியை ஒத்தது. சிக்கல் பசையில் இருக்கிறது. காகிதம் ஒட்டும் பசை இரு பரப்புகளுக்கிடையே தங்கிப் பிடித்துக்கொள்ளும். மாதிரிகளுக்கான பசை அப்படியன்று. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பைத் தூண்டும். எனாமல் வண்ணமும் தின்னரும் அத்தகையவையே. வீட்டு ஏ.சி. பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது, ஆவியை வெளியேற்றுவதில்லை. பலர் நம்பி அணியும் என்95 முகக்கவசம் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

ஆகவே திண்ணையோ திறந்த சன்னலோரமோ நல்லது. மேசை விசிறியைச் சன்னலை நோக்கித் திருப்பி வைத்தால் ஆவி வெளியே தள்ளப்படும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசலாம். தெளிப்பானால் அடித்தால் அதன் நுண்துளிகளும் நுரையீரலுக்குள் போகும். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. பசையே வேண்டாத, அழுத்திப் பொருத்தும் மாதிரிகளும் விற்கின்றன.

நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் கத்தியைக் கையாளும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நொடியில் ஒட்டும் பசை கண்ணிமையில் பட்டால் பிரித்திழுக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொண்டே உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டிலிருந்தால், தரையில் விழுந்த துண்டைத் தேடி எடுத்த பிறகே எழுங்கள்.

நம் அன்பர் இப்போது திண்ணைக்கு மாறிவிட்டார். இன்ஹேலர் பசைப் புட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெஞ்சு இறுகினாலோ இருமல் தொடங்கினாலோ, இறக்கை பாதி ஒட்டிய நிலையில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். இன்ஹேலருக்குப் பிறகும் இளைப்பு தணியவில்லையெனில் காலை வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.