குறை சொன்னவர் கதை – 7: சுவரோரம் நடந்த வயலின்

இருபது டாலர்கூடப் பெறாத பரிசுப் பொருள் வந்து சேரவில்லை என்று இணையத்தில் எழுதிய யூட்டா மாநிலத் தம்பதியிடம் விற்பனையாளர் 3,500 டாலர் அபராதம் கேட்ட கதையையும், அத்தகைய வாய்ப்பூட்டு நிபந்தனைகளை 2016-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் செய்து செல்லாதவையாக்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். படிக்கத் தவறியவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக் கொள்ளட்டும். இந்த வாரம் நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவதாக வாக்களித்திருந்தேன். வந்துவிடத்தான் உத்தேசித்தேன்; ஆனால் ஏதோ ஒரு சந்தேகத்தைத் தெளிந்து கொள்ள அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைப் புரட்டப் போக, அதற்குள் கிடந்த ‘அபவுட்’ என்னும் அற்பமான ஆங்கிலச் சொல் நான்கு நாட்களாக என்னை விடாமல் பிடித்துக் கொண்டிருக்கிறது.

அமர் போஸ் என்ற பெயரைக் கேட்டதும் வங்காளத்தை நினைப்பவர்கள் தவறாக நினைக்கவில்லை. அவருடைய தந்தை நொனி கோபால் போஸ், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போலீஸாரின் பிடிக்குத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். மகனோ 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்து, பள்ளிப் பிராயத்திலேயே பழுதான ரேடியோக்களைச் செப்பனிட்டுக் குடும்பத்துக்குக் கைகொடுத்து, பிற்பாடு எம்.ஐ.டி.யில் படித்து அங்கேயே பேராசிரியராகவும் அமர்ந்தவர். 1956-இல், மாணவராக இருந்த காலத்தில், உயர்ந்த ரக ஸ்டீரியோப் பெட்டி ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினார். காகிதத்தில் அச்சிட்டிருந்த குணவிசேஷங்கள் பிரமாதமாக இருந்தன, காதில் விழுந்த சங்கீதந்தான் அப்படி இல்லை. அந்த ஏமாற்றமே ஆராய்ச்சியாக முதிர்ந்து, 1964-இல் ஒரு கம்பெனியாகி, 1968-இல் ‘போஸ் 901’ என்ற ஒலிபெருக்கியாக வெளிவந்தது. ஒன்பது ஸ்பீக்கர்களில் ஒன்றை மாத்திரம் கேட்பவர் பக்கம் வைத்து, மற்ற எட்டையும் பின்சுவரை நோக்கித் திருப்பி, சுவரில் பட்டு மீளும் நாதத்தினால் கச்சேரி மண்டபத்தையே வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவர முயன்ற அபூர்வமான யோசனை அது. குறைபட்டுக் கொண்ட ஒரு வாடிக்கையாளரின் மனத்தில் பிறந்த சாமான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

விளம்பரங்களை ஏற்காமல், கடையில் விலை கொடுத்து வாங்கிய சாமான்களைச் சோதித்து எழுதும் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை, 1970 மே இதழில் இந்த ஒலிபெருக்கியைப் பற்றிச் சில நல்ல வார்த்தைகளோடு, தனித்தனி வாத்தியங்கள் பூதாகாரமாகப் பெருத்து அறையெங்கும் (ஆங்கிலத்தில் ‘அபவுட் தி ரூம்’) அலைவதுபோல் தோன்றின என்ற கருத்தையும் வெளியிட்டது. மறுப்பு வெளியிடும்படி கம்பெனி கேட்டது, பத்திரிகை இணங்கவில்லை, விவகாரம் நியாயஸ்தலம் ஏறியது.

பத்தொன்பது நாள் நடந்த விசாரணையின் முடிவில், விமர்சனத்தின் மற்ற வாக்கியங்களெல்லாம் அபிப்பிராயம் என்றோ, பொய்யென்று நிரூபிக்கப்படவில்லை என்றோ கழிந்து போக, எஞ்சி நின்றது அந்த ‘அபவுட்’ ஒன்றுதான். ஓசை இரண்டு பெட்டிகளுக்கும் இடையே சுவரோரமாகத்தான் நகர்ந்தது, அறையெங்கும் அலையவில்லை என்று நீதிபதி கண்டார். சோதனை செய்த என்ஜினீயரோ, தாம் கருதியதும் பக்கவாட்டு நகர்ச்சியைத்தான் என்று சாட்சிக் கூண்டில் நின்றபடி கைகளை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். இவ்வளவு புத்திசாலியான மனிதர் இத்தனை சாதாரணச் சொல்லுக்குப் பொருள் அறியாமல் எழுதியிருக்க முடியாது, ஆகவே பொய் என்று அறிந்தே எழுதினார் என்று நீதிபதி தீர்மானித்து, 1981-இல் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நஷ்டஈடு ஒரு லட்சம் டாலருக்கும் மேல். மனிதருடைய புத்திசாலித்தனமே அவருக்கு விரோதமான சாட்சியாகிவிட்ட விசித்திரத்தை வேறெங்கே காண முடியும்!

மேல் முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 1984 ஏப்ரல் 30-ஆம் தேதி, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பத்திரிகைக்கே சாதகமாக முடிவு செய்தது. காதால் கேட்ட ஒரு தெளிவற்ற அனுபவத்தைச் சொல்லில் பிடிக்க முயல்பவன் சொல்லைச் சற்றுத் தவறாகத் தேர்ந்தெடுத்து விட்டால், அதை வைத்தே பொய் என்று தெரிந்தோ, மெய்யா பொய்யா என்ற கவலையின்றியோ எழுதினான் என்று சொல்லிவிட முடியாது என்பது பெரும்பான்மையோரின் கருத்து. நல்ல நியாயந்தான், ஆனால் கட்டுரைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். வக்கீல்களை வைத்துக் கொள்ள வசதியுள்ள பத்திரிகை தாங்கியது. செல்பேசியில் நான்கு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போகும் நம்மைப் போன்றவர்கள் ஜெயித்தாலும் தாங்குவோமா?

இதையெல்லாம் எங்கள் தெருவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். “அறையில் அலைந்தது என்றால் வழக்கே இல்லை, ஐயா. ‘எங்கும்’ என்று முற்றும்மை போட்டதனால் வந்த வினை” என்றார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உடனே அவர் மிக்சி ஒன்றைப் பற்றித் தாம் எழுதி வைத்திருந்த மதிப்புரையைக் காட்டினார்: ‘இந்தக் கம்பெனியின் மிக்சிகள் எல்லாமே ஏமாற்று.’ “எத்தனை மிக்சி வாங்கினீர்கள்?” என்றேன். “ஒன்றுதான். மூன்றாம் வாரமே ஜார் கசிந்தது.” இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ‘எல்லாமே’யை அவரே அடித்தார், ‘ஏமாற்று’ என்பதையும் அடித்தார். மிஞ்சியது, வாங்கிய தேதியும், கசிந்த தேதியும், சர்வீஸ் நிலையத்தார் சொன்ன பதிலும்.

அந்த இரண்டு சொற்களை அடித்தது வீண் பயம் அன்று. நம் நாட்டில் அவதூறு, நஷ்டஈட்டு வழக்கோடு நிற்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் விதிக்கத்தக்க குற்றமும் ஆகும். கம்பெனியும் அவதூறுக்கு ஆளாகலாம் என்று சட்டமே சொல்கிறது. சொன்னது உண்மை என்பது மட்டும் அங்கே போதாது. பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு பிறரை எச்சரிப்பவருக்கு விலக்கு உண்டு. அந்தப் பத்து விலக்குகளையும், புத்தகத்தைப் பழிக்கலாம், எழுதியவனை எந்த மட்டும் பழிக்கலாம் என்பதற்கு இதற்கு முந்தைய 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே சேர்த்து வைத்த ருசிகரமான உதாரணங்களையும் இந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார், பக்கமும் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் நிச்சயம்.

அதுவரை யாரேனும் எந்தச் சாமானைப் பற்றியேனும் கோபத்தோடு எழுத உட்கார்ந்தால், ரசீதைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் முற்றும்மைகளை எண்ணிப் பாருங்கள்.