நீரைப் பிளக்கும் இரு கதிர்கள்

நண்பகல் வெயில் மட்டக்களப்பு வாவியின்மீது எத்துணைக் கடுமையாய் எரித்தாலும், நீர் சூடேறி ஆவியாகுமேயன்றி ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடாது. அணுக்கதிரின் செயலோ வேறு. அது நீர் மூலக்கூற்றிலிருந்து இலத்திரனையே தட்டிப் பறித்துவிடுகின்றது. தனித்துவிடப்பட்ட அவ்விலத்திரன், நீரைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டு கணத்தினும் குறுகிய பொழுது வாழ்வதை 1962 இல் ஹார்ட், போக் என்னும் ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். இத்தகைய மாற்றங்களை ஆராய்வதே கதிர்வீச்சு இரசாயனம்.

ஆய்வுகூடத்து விந்தையென்று இதனை ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவின் ஹன்போர்ட் என்னுமிடத்தில், அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவை 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் இட்டனர். அளவு ஏறக்குறைய 20 கோடி லீற்றர். அவற்றுள் ஒன்றில், கதிரின் சிதைப்பால் உண்டான ஐதரசன் சேற்றினடியில் அடைபட்டுக் கிடந்து, சில மாதங்களுக்கொருமுறை பெருமூச்செறிவதுபோல் வெளியேறலாயிற்று. ஒரு தீப்பொறி போதுமே! 1993 இல் கலக்கும் பம்பியொன்றை உள்ளிறக்கி, வாயு சிறிது சிறிதாக வெளியேற வழிசெய்தனர். கண்ணாடியோடு உருக்கி உறையச்செய்த கழிவில் இவ்வச்சம் இல்லை. அங்கே பிளப்பதற்கு நீரே கிடையாது. இந்தியாவில் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் இம்முறையே கையாளப்படுகின்றது.

தாங்கிக்குள் ஆபத்தாகிய அதே ஐதரசன், வெயிலைக் கொண்டு பெறப்படுமாயின் சிறந்த எரிபொருள். 1972 இல் யப்பானியரான புஜிஷிமாவும் ஹொண்டாவும் ரூட்டைல் என்னும் தைத்தானியம் ஈரொட்சைட்டுப் பளிங்கை நீரில் வைத்து, ஒளி பாய்ச்சி, நீரைப் பிரித்துக் காட்டினர். ஒளி தனித்துச் செய்யமாட்டாததைப் பளிங்கு இடைநின்று முடித்துவைத்தது. குறையும் உண்டு. அப்பளிங்கு பெரும்பாலும் புறவூதாக் கதிரையே ஏற்கும். தரையை அடையும் வெயிலில் அது ஏறக்குறைய 5 சதவீதந்தான். எஞ்சிய ஒளியையும் ஏற்கவல்ல பொருளைத் தேடுவோர்க்கு, இலத்திரனின் ஓட்டத்தை அளக்கக் கதிர்வீச்சு இரசாயனர் வகுத்த முறைகள் பெரிதும் உதவுகின்றன.

நம் மாணவர் கருதத்தக்க செய்தி இனித்தான் உள்ளது. நமது கிழக்குக் கரையிலே, திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கருமணலில் இல்மனைட்டோடு அந்த ரூட்டைலும் இருக்கின்றது. தோரியம் பொதிந்த மொனசைட்டும் அதிற் சிறிது கலந்துள்ளது. வெயிலின் கதையும் அணுக்கதிரின் கதையும் ஒரே பிடி மணலில்! அம்மணலைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றி வந்திருக்கின்றோம். பிறநாட்டில் அதிலிருந்து எடுக்கும் வெண்பொடி சேர்ந்த சுவர்ப்பூச்சை விலைகொடுத்து வாங்கி, நம் வீடுகளுக்கு வெள்ளை தீட்டுகின்றோம்.