தருக்கத்தால் ஓர் அருச்சனை

“கடவுள் உண்டு என்பதற்குச் சான்று என்ன?” அந்தி விளக்கு ஏற்றும் இல்லங்களிலும் இன்று இவ்வினா எழுகிறது. வினவுவோர் அயலார் அல்லர். மடியில் அமர்ந்து பிரகலாத சரித்திரம் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகளே. அதைக் கேட்கும் முதியோரில் சிலர் சினம் கொள்கின்றனர். சிலர் விடை கூற இயலாமல் உள்ளம் நோகின்றனர். தம் காலத்துக்குப் பின் பூசையறை விளக்கு அணைந்துபோகுமோ என்னும் கவலை அவர்தம் நெஞ்சின் அடியில் இருக்கிறது.

இவ்வினா இக்காலத்துப் படிப்பு மட்டும் கொண்டுவந்ததன்று. இந்நாட்டின் ஞான நூல்கள் அதனை மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டன. மறைக்கவும் இல்லை, அஞ்சவும் இல்லை.

ஏட்டில் இருக்கும் ஐயங்கள்

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய ஒரு சூக்தம் உண்டு. இவ்வுலகு எங்கிருந்து தோன்றியது என வினவும் அது, மேலிருந்து காண்பவனும் அதனை அறிவானோ அறியானோ என்னும் ஐயத்தோடு முடிகிறது. கடோபநிடதத்தில் இளம் நசிகேதன் எமனிடமே சென்று, இறந்தபின் ஆன்மா உண்டென்பர் சிலர், இல்லையென்பர் சிலர், இதன் உண்மை யாது எனக் கேட்கிறான். தேவர்களும் ஐயுற்ற பொருள் இது என்று எமதருமன் ஒப்புக்கொள்கிறான். வால்மீகி ராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில் ஜாபாலி என்னும் அந்தணர், இறந்தோருக்குப் படைக்கும் உணவு வீணே என்று ராமபிரான் முன்னிலையிலேயே வாதிடுகிறார். ராமபிரான் அவ்வுரையைக் கடுமையாக மறுக்கிறார். ஆயினும் ஜாபாலியின் சொல் காவியத்திலிருந்து நீக்கப்படவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டவாதி எனப் பல சமயத்தாரையும் கேட்டு வருகையில், பூதவாதியின் கூற்றையும் கேட்கிறாள். சைவ சித்தாந்தப் பெருநூலான சிவஞான சித்தியார், பரபக்கம் என்னும் பகுதியில் பிற மதங்களை எடுத்துரைத்து மறுக்கிறது. அங்கே முதலில் நிற்பது கடவுளை ஏற்காத உலகாயதமே.

இம்முறைக்குப் பூர்வபட்சம் என்று பெயர். எதிராளியின் கொள்கையை அவன் கூறுவதினும் தெளிவாகக் கூறிய பின்னரே தன் சித்தாந்தத்தை நிறுவ வேண்டும் என்பது சாத்திர மரபு. மாற்றுக் கருத்தைத் திரித்துக் கூறி வெல்லுதல் அவையில் வெற்றியாகக் கொள்ளப்படவில்லை.

மிதிலையில் தோன்றிய உதயனர்

கடவுள் உண்டு என்பதை அறிவால் நிறுவுவதற்கென்றே ஒரு முழு நூல் இயற்றியவர் உதயனாசாரியர். 10ஆம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த இவர், நியாய சாத்திரத்தின் ஒப்பற்ற ஆசிரியர்களுள் ஒருவர். இவர் இயற்றிய நூலின் பெயர் ‘நியாய குசுமாஞ்சலி’. நியாயங்களாகிய மலர்களைக் கைநிறைய அள்ளி இறைவன் திருவடியில் இடுதல் என்பது அதன் பொருள். நூலின் ஐந்து பகுதிகளும் ‘ஸ்தபகம்’, அதாவது மலர்க்கொத்து, என்றே வழங்கப்படுகின்றன. கடவுளை மறுப்போர் கூறும் ஐந்து வகை வாதங்களை ஒவ்வொரு கொத்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறது.

உதயனரைப் பற்றிப் பக்தர்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு ஒன்று உண்டு. பூரி ஜகந்நாதரைத் தரிசிக்க அவர் நெடுந்தொலைவு சென்றபோது சந்நிதிக் கதவு அடைத்திருந்ததாம். அவர் உரிமையோடு பெருமானைக் கடிந்துகொண்டாராம். செல்வச் செருக்கினால் இன்று தம்மைப் பொருட்படுத்தாவிட்டாலும், பௌத்தர்கள் வாதுக்கு வரும்போது இறைவனின் இருப்பு தம்மைச் சார்ந்தே நிற்கும் என்றாராம். வாதத்தில் வல்லவர் உள்ளத்தில் எத்தகைய நெருக்கமான பக்தி குடிகொண்டிருந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

காணாமை, இன்மைக்குச் சான்றா?

“கண்ணால் காணாத ஒன்றை எவ்வாறு ஏற்பது?” என்பது மறுப்போரின் முதல் வாதம். உதயனர் இதற்கு நகைச்சுவையோடு விடை தருகிறார். காணாமையே இன்மைக்குப் போதிய சான்று என்றால், வீட்டை விட்டு வெளியே சென்ற உலகாயதன் திரும்பி வரவே கூடாது. மனைவியும் மக்களும் செல்வமும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே அவை இல்லை என்று மார்பில் அடித்துக்கொண்டு அவன் அழ வேண்டியதுதான்!

நகைப்புக்குப் பின்னால் நுண்ணிய நெறி ஒன்று உள்ளது. வெளிச்சம் உள்ள அறையில் குடம் காணப்படவில்லை என்றால் அங்கே குடம் இல்லை எனத் துணியலாம். இருள் சூழ்ந்த அறையில் அவ்வாறு துணிய இயலாது. காணப்படத் தக்க பொருள், காண்பதற்கு வேண்டிய அனைத்தும் இருந்தும் காணப்படாதபோதுதான் அதன் இன்மை உறுதியாகும். இறைவனோ ஐம்பொறிகளுக்குப் புலனாகும் பொருள் அல்லன். ஆதலால் அவனைக் காணவில்லை என்பது அவன் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவிடம் நீரில் உப்பை இடச் சொல்கிறார். மறுநாள் கண்ணுக்கு உப்புத் தெரியவில்லை. நாவில் இட்டபோது மேலும் நடுவும் அடியும் உப்பாகவே இருந்தது. எப்பொருளை எக்கருவியால் அறிய வேண்டும் என்னும் பாடத்தைத் தந்தை அவ்வாறு புகட்டினார்.

ஆயினும் இவ்வாதத்தின் எல்லையையும் உணர வேண்டும். இது மறுப்பை மறுக்கிறதே அன்றி, இருப்பை நிறுவவில்லை. ‘இல்லை என நிறுவ முடியாது’ என்பதனாலேயே ஒன்று ‘உண்டு’ ஆகிவிடாது. அதற்கு வேறு சான்று வேண்டும்.

குடமும் புற்றும்

அச்சான்றை நையாயிகர் அனுமானத்தில் தேடினர். மலைமேல் புகை தெரிகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும். மடைப்பள்ளியில் அதனைக் கண்டிருக்கிறோம். ஆகவே மலையிலும் நெருப்பு உண்டு. இதுவே அனுமானத்தின் வழி. இதே வழியில், குடம் ஒரு காரியம்; அதற்குக் குயவன் உண்டு. உலகும் பகுதிகளால் ஆகிய ஒரு காரியம். ஆகவே அதற்கும் அறிவுடைய கர்த்தா உண்டு என்றனர். உலகு தோன்றியமை, அணுக்கள் கூடியமை, உலகம் விழாமல் நிலைபெறுவது, சொல்லும் கலைகளும் வழிவழியாக வருவது, வேதத்தின் பிரமாணம் முதலிய எட்டு ஏதுக்களை உதயனர் ஐந்தாம் மலர்க்கொத்தில் தொகுத்தார்.

மறுப்பும் வலிமையாகவே வந்தது. பௌத்தப் பேராசிரியர் தர்மகீர்த்தி, உதயனருக்கு முன்பே கூரிய வினா ஒன்றை எழுப்பியிருந்தார். மண்ணால் ஆகியது என்பதற்காகக் குடத்துக்குக் குயவனைச் சொல்லலாம் என்றால், மண்ணால் ஆகிய புற்றையும் குயவன்தான் செய்தானா? உருவ ஒற்றுமை மட்டும் கொண்டு செய்தவனைத் துணிவது தவறன்றோ? காட்டில் தானே முளைக்கும் செடியைச் செய்தவர் யார் என வேறு சிலரும் வினவினர். செடியின் தோற்றமே இங்கு வழக்கில் உள்ள பொருள். அதனையே எதிர்ச்சான்றாகக் காட்டல் பொருந்தாது என நையாயிகர் மறுமொழி கூறினர். இவ்வாறு பல நூற்றாண்டுகள் வாதம் நடந்தது.

உடையவர் எழுப்பிய தடை

பலரும் எதிர்பாராத செய்தி இனி வருவது. இந்த அனுமானம் போதாது என்று விரிவாக வாதிட்டவர்களுள் ஒருவர், ஸ்ரீரங்கநாதரின் திருவடித் தொண்டிலேயே வாழ்ந்த எம்பெருமானார் ராமாநுஜர்!

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரம், பிரம்மத்தை அறியச் சாத்திரமே வாயில் என்கிறது. அதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் உரை அருளும்போது உடையவர் அனுமானத்தின் குறைகளை அடுக்குகிறார். பூமியும் மலையும் கடலும் காரியம் என ஏற்றாலும், அவை அனைத்தும் ஒரே காலத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்குச் சான்று இல்லை. பெரும் புண்ணியத்தால் ஆற்றல் பெற்ற ஆன்மாக்கள் பலர் பல காலங்களில் செய்திருக்கலாகாதா? மேலும் குயவனைக் கொண்டு அனுமானித்தால், குயவனைப் போலவே உடலும் குறைந்த அறிவும் உடைய ஒருவனே கிடைப்பான். எல்லாம் அறிந்த பரம்பொருள் கிடைக்கமாட்டான்.

பக்தியின் சிகரமான ஒருவரே இவ்வாறு கூறியது எதனைக் காட்டுகிறது? தருக்கம் தளர்ந்தால் இறைவன் தளர்ந்துவிடுவான் என அவர் கருதவில்லை. வலுவில்லாத சான்றைக் கொண்டு இறைவனைத் தாங்கிப்பிடிக்க முயல்வது அவனுக்குப் பெருமை அன்று என்பதே அவர் திருவுள்ளம்.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்ட தேவரோ, சிவஞான போதத்தின் முதற் சூத்திரத்திலேயே அனுமானத்தைக் கையாள்கிறார். தோன்றி, நின்று, ஒடுங்கும் இவ்வுலகு, தன்னை ஒடுக்கும் முதல்வனிடமிருந்தே மீளத் தோன்ற வேண்டும் என்பது அங்கு வாதம். இருவரும் இறைவனிடம் தம்மை முழுதும் ஒப்படைத்த பெரியோர். ஆயினும் அறிவு அவனை எதுவரை காட்டும் என்பதில் வேறுபட்டனர். ஆகவே ஒருவர் ஒரு வாதத்தை ஏற்காததனாலேயே அவரைப் பக்தியற்றவர் எனத் தள்ளல் ஆகாது.

துன்பம் எழுப்பும் வினா

அறிவின் வினாக்களினும் கொடியது துயரத்தின் வினா. கருணையுள்ள கடவுள் உலகைப் படைத்தால் துன்பம் ஏன்? வேதத்தைப் பெரிதும் போற்றிய மீமாம்சகரான குமாரில பட்டரே இதனை எழுப்பினார். படைப்புக்கு முன் இரங்கத்தக்க உயிரே இல்லையே, பின்னர் யார்மீது இரங்கிப் படைத்தான்? இரக்கத்தால் படைத்திருந்தால் இன்பம் மட்டும் நிறைந்த உலகையன்றோ படைத்திருப்பான்? வேதத்தை ஏற்றும் படைப்புக் கடவுளை ஏற்காத மரபும் இந்நாட்டில் இருந்தது என்பதற்கு அவரே சான்று.

பிரம்ம சூத்திரம் இதற்கு விடை கூறுகிறது. இறைவனுக்கு ஓரவஞ்சனையும் இல்லை, கொடுமையும் இல்லை. உயிர்களின் வினையை நோக்கியே அவன் உலகை இயற்றுகிறான். அவ்வினைத் தொடர்ச்சிக்கும் தொடக்கம் இல்லை. ஆதி சங்கரர் இங்கு மழையை உவமை கூறுவார். மழை எல்லா நிலத்துக்கும் பொது. நெல்லும் வாற்கோதுமையும் வெவ்வேறாக விளைவது வித்தின் வேறுபாட்டால்.

இவ்விடை சாத்திர அவைக்கு உரியது. மகனை இழந்த தாயிடம் சென்று வினைப்பயன் பற்றிப் பேசுவது அறிவும் அன்று, அறமும் அன்று. அவ்விடத்தில் அருகே அமர்ந்து கைப்பற்றுவதே இறைத்தொண்டு. துயரத்தில் ஒருவர் ‘கடவுள் இல்லை’ என்று கதறினால், அது வாதம் அன்று, வலி. வலிக்கு மறுப்புரை தேவையில்லை.

ஆராய்தலே வழிபாடு

அவ்வாறாயின் இத்தனை ஆராய்ச்சியும் எதற்கு? உதயனர் தம் நூலின் தொடக்கத்திலேயே இதனை விளக்குகிறார். சைவர் சிவன் என்றும், உபநிடத நெறியினர் தூய அறிவியல்பினன் என்றும், கைத்தொழில் செய்வோர் விசுவகர்மா என்றும் அவனை வழிபடுகின்றனர். எல்லாரும் ஏதோ ஒரு பெயரால் போற்றும் ஒருவனைப் பற்றி ஐயமே எழ இடமில்லை. எனினும் இவ்வாராய்ச்சி அவனைப் பற்றிய மனனம். ஆதலால் இதுவும் உபாசனையே என்கிறார் அவர்.

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் மைத்திரேயிக்கு உபதேசித்த நெறி இது. ஆன்மா கேட்கத்தக்கது, சிந்திக்கத்தக்கது, தியானிக்கத்தக்கது. கேட்டல் முதற்படி, தியானம் முடிவான படி. இரண்டுக்கும் நடுவே நிற்பது சிந்தித்தல். நடுப்படியை விட்டுவிட்டு ஏறுவோர் சிலர் இருக்கலாம். ஆனால் அப்படியில் நின்று வினவும் இளைஞனை வழி தவறியவன் எனக் கடிவது முறையன்று. அவன் ஏறும் வழியில் இருக்கலாம்.

அறிவு தரும் தீர்ப்பு இவ்வளவே: கடவுள் நம்பிக்கை அறிவுக்குப் புறம்பானது அன்று, கூரிய மதியினர் பலர் அதனைக் காரணங்காட்டி ஏற்றனர். ஏற்காதவரும் அறிவிலிகள் அல்லர். அவர்தம் வினாக்களே ஆத்திகரின் நூல்களைக் கூர்மையாக்கின. அதற்கு அப்பால் உள்ளத்தை நிறைப்பது வாதம் அன்று, அனுபவமும் அருளுமே. முதியோரின் அமைதியான வாழ்வும், துயரிலும் குன்றாத பொறுமையும், நாள்தோறும் அவர்கள் ஏற்றும் விளக்கும் இளையோர் கண்முன் நிற்கும் சான்றுகள். வாதத்தில் வெல்ல முடியாத முதியவரும் அந்தச் சான்றைத் தர வல்லவரே.

உதயனர் தம் நூலைச் சாபத்தோடு முடிக்கவில்லை, வேண்டுதலோடு முடிக்கிறார். வேதமும் நியாயமுமாகிய நீரால் எத்தனை முறை கழுவியும் சிலர் நெஞ்சில் இறைவன் இடம்பெறவில்லை. அவர் நெஞ்சு கல் போன்றது என முதலில் வருந்துகிறார். பின்னர் அவர் உள்ளம் இளகுகிறது. எதிர்வழியில் நின்றாலும் அவர்களும் இறைவனையே இடையறாது எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஆகவே, கருணைக் கடலே, காலம் வரும்போது அவர்களையும் நின் அருளாலேயே கரையேற்றுக என்று வேண்டி, தம் கையில் இருந்த கடைசி மலரையும் திருவடியில் வைக்கிறார்.