வீட்டிலிருந்தபடியே பாஞ்சாலங்குறிச்சி!

இரவுச் சாப்பாடு முடிந்தது. பாத்திரங்களை ஒழித்துப் போட்டாயிற்று. வீட்டுக்காரர் கிரிக்கெட் ஸ்கோரில் மூழ்கிவிட்டார். உங்களுக்கென்று ஓர் அரைமணி நேரம் கிடைக்கிறது. ஸெல்போனைக் கையில் எடுக்கிறீர்கள். பியானோ வாசிக்கும் பூனை ஒன்று வருகிறது. பூண்டையும் தேனையும் சேர்த்துத் தின்றால் தீராத வியாதியே இல்லை என்று நாத்தனார் அனுப்பிய செய்தி ஒன்று வருகிறது. அரைமணி போனதும் தெரியவில்லை. என்ன பார்த்தோம் என்பதும் நினைவில்லை!

பூனையை நான் குறை சொல்ல வரவில்லை, சகோதரிகளே! ஆனால் அதே அரைமணியில், அதே ஸெல்போனில், காலணா கூடுதல் செலவில்லாமல் கரிசல் சீமைக்கு ஒரு யாத்திரை போய் வரலாம். அங்கே பூனை இல்லை. நாயை விரட்டிய முயல் இருக்கிறது. வாருங்கள், அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

ஊர் ஊராய் ஓடும் முயல்

கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்குப் போனார்களாம். ஓரிடத்தில் ஒரு முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களையே விரட்டியதாம். "இது வீரம் விளையும் மண்" என்று அங்கே கோட்டை கட்டினார்களாம். பாஞ்சாலங்குறிச்சிக்குச் சொல்லப்படும் கதை இது.

'நாயை விரட்டிய முயல்' என்று இண்டர்நெட்டில் தேடிப் பாருங்கள். இதே முயல் ஹம்பியில் ஓடுகிறது. விஜயநகரம் பிறந்த கதை அது. ஆமதாபாத்திலும் ஓடுகிறது! குழந்தைகளிடம், "இன்னும் எந்த ஊரில் இந்த முயல் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் சத்தமே இருக்காது.

பெயர் படும் பாடு

அடுத்தது எழுத்து விளையாட்டு. வெள்ளைக்காரர்கள் வாயில் நம் ஊர்ப் பெயர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று; திருநெல்வேலி 'டின்னவேலி' ஆயிற்று. பாஞ்சாலங்குறிச்சியை மட்டும் விட்டு வைப்பார்களா? ஆளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேடுங்கள். ஒவ்வொரு எழுத்துப் பிழைக்கும் ஒரு புதையல் கிடைக்கும்!

புதையல் இருக்கும் இடம் 'இண்டர்நெட் ஆர்க்கைவ்'. 1996-ல் அமெரிக்காவில் தொடங்கிய இலவசப் புத்தகசாலை அது. கால்டுவெல் பாதிரியார் 1881-ல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் அங்கே இருக்கிறது. அதைவிட ருசியானது, ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படை அதிகாரி 1830-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். புத்தகத்தைத் திறந்து, பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு ஒரு சொல்லை எழுதினால் போதும். அந்தச் சொல் வரும் பக்கங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இங்கிலீஷ் நெருடினால் காலேஜில் படிக்கும் பெண்ணை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வெல்ஷ் நம் எதிரி. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கும்பினிப் படையில் இருந்தவர். ஆனாலும் மனிதர் பொல்லாத ரஸிகர்! தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று நன்றியோடு எழுதுகிறார். ஊமைத்துரையைப் பற்றி எழுதும்போதோ பேனா உருகுகிறது. ஊமைத்துரை துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் இங்கிலீஷ் படை. மறு கையால் 'உஸ்' என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவாராம். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு!

பெயரில்லாத ஒரு தாய்

இனி வருவதுதான், நாலு பேருக்கு நீங்கள் அவசியம் சொல்ல வேண்டிய பக்கம்.

1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்த மண்கோட்டை ஆறே நாளில் மறுபடி எழுந்தது. மார்ச் 31-ல் வந்த முதல் தாக்குதல் தோற்றது. மே 24-ல் கோட்டை விழுந்தது. வெளியேறியவர்களைக் குதிரைப் படை துரத்தி வெட்டியது. ஊமைத்துரையும் காயம்பட்டு விழுந்தார்.

பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சிலர், விழுந்து கிடந்தவர்களிடையே தங்கள் ஆண்பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். ஒருத்திக்கு மகன் கிடைத்தான். உயிரும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை, தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி தாயிடம் கேட்டுக் கொண்டான். சாமி என்றது ஊமைத்துரையை.

அந்தத் தாய் என்ன செய்வாள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக் கொண்டு போனார்கள். அவரைத் தேடி எட்டயபுரத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஓடவும் வழியில்லை, ஒளிக்கவும் இடமில்லை. பெண்கள் உடம்பைத் துணியால் மூடி, ஓவென்று ஒப்பாரி வைத்தார்கள். "யார் அது?" என்ற கேள்விக்கு, "அம்மை போட்டிச் செத்துப் போன பையன்" என்று பதில் வந்தது. கேட்டவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டம் பிடித்தார்கள்!

ஜென்னரின் அம்மைப் பால் நம் தேசத்தில் முதன் முதலாகப் பம்பாயில் குத்தப்பட்டது 1802-ல். இது நடந்தது அதற்கு முந்தைய வருஷம். அம்மை என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை பயம் இருந்திருக்கும்! பீரங்கி செய்ய முடியாததை ஒரு பொய்யும் நாலு பெண்களின் அழுகையும் செய்துவிட்டன. அந்த அழுகையில் பாதியாவது நிஜமாகவே இருந்திருக்கும். மகனைக் களத்தில் விட்டு வந்தவள் அல்லவா?

ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடியும் போரிட்டார். பிடிபட்டு, 1801 நவம்பரில்தான் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவள் செய்ததை எழுதி வைத்தார். எதிரிக்கும் மறைக்க மனம் வரவில்லை போலும்.

சிவாஜியும் கரிசல் மண்ணும்

கனத்த மனத்துக்கு மாற்றாக ஸினிமா இருக்கிறது. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை யூடியூபில் பார்க்கலாம். 1960-ல் கெய்ரோ பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் பரிசு வாங்கித் தந்த படம். ஜாக்ஸன் துரையோடு வாதாடும் காட்சியைப் பாருங்கள். பிறகு அதே சந்திப்பைக் கால்டுவெல்லின் புத்தகத்தில் தேடுங்கள். ஸினிமா வசனம் எது, சரித்திரம் எது என்று வீட்டில் பட்டிமன்றமே நடத்தலாம்.

தூங்கப் போகுமுன் வானத்திலிருந்து எடுத்த தேசப் படத்தைத் திறந்து ஒட்டப்பிடாரத்தைத் தேடுங்கள். வ.உ.சி. பிறந்த ஊர். பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி. நிமிர்ந்து நிற்கும் கோட்டை 1974-ல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடையாளங்கள் அருகில் இருக்கின்றன. சுற்றிலும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் ஏதோ ஓரிடத்தில்தான் அந்தப் பெண்கள் அழுதார்கள்.

நாளைக்கு நாத்தனாருக்குப் பதில் அனுப்ப வேண்டுமல்லவா? இந்தத் தாயின் கதையை அனுப்புங்கள். கூடவே புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். முயல் கதைக்குப் பக்க எண் வேண்டாம். அது எந்த ஊரிலும் ஓடிக் கொள்ளும். ஏற்கெனவே பெயரை இழந்துவிட்ட ஒருத்தியின் கதை, ஆதாரத்தையும் இழந்து, பூண்டும் தேனும் போல 'யாரோ சொன்னது' ஆகிவிடக் கூடாது!